ட்ரெய்லர் மடங்கினால் ஓட்டுநர்தான் குற்றவாளியா?

மழையில் நனைந்த மேம்பால இறக்கத்தில் காலி ட்ரெய்லரோடு இறங்க அனுபவசாலிகளே யோசிப்பார்கள். சுமை இல்லாத வண்டியின் சக்கரங்களுக்குச் சாலையில் பிடி குறைவு. ஒரு கார் குறுக்கே வருகிறது; ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்கள் சுழலாமல் இறுகிக்கொண்டால் வண்டி நேராக நிற்காது, பக்கவாட்டில் வழுக்கும். ட்ரெய்லரோ வந்த வேகத்தில் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டையும் இணைக்கும் டர்ன்டேபிளை அச்சாக வைத்து, மடக்குக் கத்தி போல வண்டி மடங்கி, ட்ரெய்லரின் மூலை கேபினில் வந்து இடிக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பி மீட்க நேரமே இருக்காது. 'ஜாக்நைஃப்' விபத்து என்பது இதுதான்.

அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஓட்டுநர் மருத்துவமனையில் கிடக்கும்போதே முதல் தகவல் அறிக்கை தயாராகிவிடும். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி" என்ற வாசகம் அதில் இருக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, சாலை விபத்து மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு அதிவேகத்தையே காரணமாகக் காட்டியது. தேய்ந்த டயரையும், சரிவர வேலை செய்யாத ட்ரெய்லர் பிரேக்கையும், ஒருபக்கமாக ஏற்றிய சரக்கையும் இப்படிப்பட்ட புள்ளிவிவரத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

2025 ஜனவரி 3ஆம் தேதி அதிகாலை, கொச்சியிலிருந்து சுமார் 18 டன் சமையல் எரிவாயுவோடு வந்த டேங்கர் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தது. முன்வண்டியையும் டேங்கரையும் இணைக்கும் பகுதி கழன்றுபோனதாக அப்போது செய்திகள் வந்தன. இப்படியொரு விபத்தில் வேகத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அந்த இணைப்பைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள் என்று கேட்பதுதான் முறை. வண்டியைப் பராமரிக்க வேண்டியவர் உரிமையாளர். வழக்கு மட்டும் ஓட்டுநர் தலையில் விடிகிறது.

வழக்கு தன் மேல் இருப்பதால் நஷ்ட ஈடு கேட்கும் தகுதியே போய்விட்டது என்று பல ஓட்டுநர்கள் முடிவுகட்டி விடுகிறார்கள். முதலாளி கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். சட்டம் சொல்வது வேறு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆவது பிரிவின் கீழ் தீர்ப்பாயத்துக்குப் போனால், தவறு யாருடையது என்ற கேள்வி எழும். தானே காரணமாக இருந்த விபத்துக்கு அங்கே ஈடு கேட்க முடியாது. ஆனால் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம்பட்டாரா என்பதுதான் அதற்கு முக்கியம். ஓட்டுநர் கண் அயர்ந்திருந்தாலும், பிரேக்கைத் தவறாக மிதித்திருந்தாலும் முதலாளி ஈடு தர வேண்டும். குடித்துவிட்டு ஓட்டியது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற சில விலக்குகள் உண்டு. மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் அந்த விலக்குகளும் செல்லாது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இந்தச் சட்டத்தை உள்வாங்கி, 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. பிரிவு எண்கள் மாறினாலும் உரிமையின் சாரம் மாறவில்லை.

பணத்தைத் தருவது பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனம்தான். சம்பளத்துக்கு வண்டி ஓட்டுபவருக்கான இந்தப் பொறுப்பு, வண்டிக்குக் கட்டாயமான பாலிசியிலேயே அடங்கியிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணமின்றி இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் விழும். வட்டியைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க வேண்டும், அபராதத்தை முதலாளிதான் கட்ட வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் பிரித்துக் கொடுத்தது. விபத்து ஒடிசாவில் நடந்திருந்தாலும் சங்ககிரிக்காரர் அங்கே அலைய வேண்டியதில்லை, குடியிருக்கும் பகுதிக்கான தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடமே மனு கொடுக்கலாம். அவகாசம் 2 ஆண்டுகள்.

ஊனத்தை எப்படி அளப்பது என்பதில்தான் பெரிய இழுபறி. மருத்துவச் சான்றில் 60 சதவீதம் என்று இருந்தால், வருமான இழப்பும் 60 சதவீதம்தான் என்று காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதாடுவார். கால் போனவர் எந்த ட்ரெய்லரை ஓட்டுவார்? 2008இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், டிராக்டரோடு மோதிய டேங்கர் ஓட்டுநருக்கு வலது கால் முழங்கால் வரை எடுக்கப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றம் இழப்பை 65 சதவீதமாகக் குறைத்திருந்ததை மாற்றி, ஓட்டுநருக்கு அது 100 சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் 1976இலேயே வகுத்த வழிதான் இது.

விபத்துக்கு வேறொருவர் காரணம் என்று காட்ட முடிந்தால் கணக்கே மாறும். குறுக்கே புகுந்த கார், விளக்கில்லாமல் சாலையில் நின்ற லாரி என்று எதிர்த்தரப்பு வண்டி ஒன்று அடையாளம் தெரிந்தால், 166ஆவது பிரிவு திறக்கும். இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது 167ஆவது பிரிவு. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் லட்சங்கள் அடங்கியிருக்கின்றன. மாதம் 25,000 ரூபாய் சம்பாதிக்கும் 40 வயது ஓட்டுநர் முழு ஊனமடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். இழப்பீட்டுச் சட்டக் கணக்கில் 2020 ஜனவரியில் வைத்த வரம்புப்படி சம்பளம் 15,000 ரூபாய்தான். அதில் 60 சதவீதத்தை, அந்த வயதுக்கான காரணியான 184.17ஆல் பெருக்கினால் 16,57,530 ரூபாய். தீர்ப்பாயத்திலோ ஆண்டு வருமானத்தை 15ஆல் பெருக்குவார்கள். வருமான இழப்புக்கு மட்டும் 45 லட்சம் வரும். மருத்துவச் செலவும் வலி வேதனைக்கான தொகையும் தனி.

ஆனால் அந்த வழிக்கு ஆதாரம் வேண்டும். குறுக்கே வந்த கார் நிற்காமல் போய்விட்டால், டேஷ் கேமராவோ கடைக்காரரின் சிசிடிவியோ இல்லாமல் அதை நிரூபிப்பது கடினம். சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். தீர்ப்பாயத்தில் மனு போட 6 மாதம்தான் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் வரம்பு கட்டியதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் நடக்கின்றன. அவற்றின் தீர்ப்பை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனமல்ல.

மருத்துவமனைக் கட்டிலருகே முத்திரைத்தாளோடு ஆள் வருவது இந்தத் தொழிலில் பழகிய காட்சி. சில ஆயிரங்களைக் கையில் திணித்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்து கேட்பார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. கையெழுத்து போட்டவருக்கும் ஆணையரின் கதவு திறந்தே இருக்கிறது.

சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. சாலை வடிவமைப்பில் கோளாறு என்றால் ஒப்பந்ததாரருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு இடம் தருகிறது. அந்தப் பணம் அரசின் விபத்து நிதிக்குப் போகுமே தவிர, அடிபட்டவர் கைக்கு வராது. சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவர் யாருக்கும் தொழிலாளி அல்ல என்பதால், தவறு தன்னுடையது என்றால் அவருக்கு மிஞ்சுவது 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டுமே. பிரீமியத்தை மிச்சம்பிடிக்க அதைத் தவிர்த்தவருக்கு அதுவும் இல்லை.

அரசு உடனே செய்யக்கூடியவை இரண்டு. 15,000 ரூபாய் வரம்பை இன்றைய ஓட்டுநர் சம்பளத்துக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். ட்ரெய்லர் மடங்கிய ஒவ்வொரு விபத்திலும் பிரேக், டயர், டர்ன்டேபிள் மூன்றையும் மோட்டார் வாகன ஆய்வாளர் தனித்தனியே சோதித்து எழுதிய பிறகே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். "இயந்திரக் கோளாறு காரணமல்ல" என்ற ஒற்றை வரி அறிக்கையை நீதிமன்றங்களும் ஏற்கக் கூடாது.