காணச் செல்வோர் கடமை

நம் நாடு பரந்த நாடு. வடக்கே பனி மூடிய இமயம். மேற்கே மணல் விரிந்த தார்ப் பாலை. கிழக்கே கங்கை கடலொடு கலக்கும் சுந்தரவனம். இவற்றையெல்லாம் காண விழைதல் நன்றே. ஆயினும், தொலைவில் உள்ளவையே காணத்தக்கவை என்று கருதுவது பிழையாகும். சங்கரன்கோவிலில் வாழும் மாணவர், ஒரே நாளில் சென்று திரும்பும் எல்லைக்குள் அரிய காட்சிகள் பல உள்ளன. அவற்றைக் காண வேண்டும். காணும் முறையையும் அறிய வேண்டும்.

முதலில் ஊரிலேயே தொடங்குவோம். வானளாவிய ஒன்பது நிலைக் கோபுரத்தைக் கடந்து சென்றால், வலப்பாகம் சிவனாகவும் இடப்பாகம் திருமாலாகவும் அமைந்த சங்கரநாராயணர் திருவுருவைக் காணலாம். இருவரும் ஒருவரே என உணர்த்தும் இவ்வுருவம், வேற்றுமை பாராட்டுவோர்க்கு நல்லதொரு பாடமன்றோ?

மேற்கே நோக்கினால் மலைத்தொடர் தோன்றும். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீண்ட மேற்குத் தொடர்ச்சி மலை இமயத்தினும் பழமையானது. 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. தென்மேற்குப் பருவக்காற்று இம்மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையைப் பொழிகின்றது. அக்காற்றின் ஒரு பகுதி ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து சாரலாய்த் தூவுகின்றது. அம்மழைநீரே குற்றாலத்தில் பேரருவியாய் இறங்கி, பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, நிரம்பி வழிகின்றது.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், கழுகுமலை உள்ளது. பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டளவில், ஒரே பாறையை மேலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து அமைத்த வெட்டுவான் கோயில் இங்கு விளங்குகின்றது. மராட்டிய மாநிலத்து எல்லோராவில் உள்ள கைலாசநாதர் கோயிலும் இம்முறையில் அமைந்ததே. வெட்டுவான் கோயில் முற்றுப்பெறவில்லை. எனினும், மத்தளம் வாசிக்கும் தென்முகக் கடவுளின் எழில் நம் உள்ளத்தைக் கவரும். அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாகக் காட்சி தருகின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில், அவ்வுருவங்களைச் செய்வித்தோர் பெயர்கள் உள்ளன. அவர்களுள் ஆசிரியரும் உளர், மாணவரும் உளர், பெண்பாலாரும் உளர்.

இத்தகைய இடங்களுக்குச் செல்வோருள் சிலர், கூரிய கல்லாலும் ஆணியாலும் தம் பெயரைப் பாறையிலும் சுவரிலும் கீறி வருகின்றனர். "முன்னோரும் பெயர் பொறித்தனர் அல்லரோ? யாம் பொறித்தால் குற்றம் என்ன?" என்று அவர்கள் வினவலாம். அம்முன்னோர் முதலில் ஒரு சிற்பத்தை உலகுக்கு அளித்தனர். பின்னரே அதன் அடியில் தம் பெயரை எழுதுவித்தனர். இவரோ ஒன்றும் அளியாமல், பிறர் அளித்ததையும் சிதைக்கின்றனர். கொடுத்தவர் பெயர் கல்வெட்டு ஆகும். கெடுத்தவர் பெயர் வெறுங் கீறலே ஆகும். வற்றிய அருவி அடுத்த மழையில் மீண்டும் பெருகும். சிதைந்த சிற்பமோ எத்தனை மழை பெய்யினும் மீளாது.

அருவி மீளும் என்பதால் அதனைக் கெடுக்கலாம் என்பது பொருளன்று. குற்றாலத்தில் நாம் கரைக்கும் சவர்க்காரமும் எறியும் பிளாஸ்டிக் பையும் சிற்றாற்றில் கலந்து செல்கின்றன. அச்சிற்றாறு வயல்களுக்குப் பாய்ந்து, பின் தாமிரபரணியைச் சேர்கின்றது. நாம் குளித்த நீரையே கீழே ஓர் உழவர் தம் பயிருக்குப் பாய்ச்சுகின்றார் என்பதை நினைத்தல் வேண்டும்.

நாட்டின் மரபுச் செல்வத்தையும் காடு, ஆறு முதலிய இயற்கைச் சூழலையும் காத்தல் குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று, 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் நம் அரசியலமைப்பு வகுத்துள்ளது. காவலர் ஒருவர் நின்று தடுத்தால்தான் இக்கடமையை ஆற்றுவோம் என்பது கற்றோர்க்கு அழகன்று.

மாணவர்களே! அடுத்த விடுமுறையில் கழுகுமலைக்குச் செல்லுங்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மாணவர் விட்டுச் சென்ற சிற்பங்களை நின்று நோக்குங்கள். கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், பாறையில் எழுதாதீர்கள். இனி ஆயிரம் ஆண்டு கழித்து அங்கு வரும் மாணவரும், நீங்கள் கண்டவாறே அதனைக் காணட்டும்.