ஏரி வண்டலைக் கொடுப்பவர்களே, அதில் ஈயம் எவ்வளவு என்று சொல்லுங்கள்!

எங்கள் கையால் கீரையும் கத்தரியும் வாங்கிச் சாப்பிடும் தாம்பரம் வட்டாரத்துத் தாய்மார்களே!

ஏரி வண்டலை விவசாயி இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு சொல்கிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர். 2024 முதல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று வழியையும் சுலபமாக்கினார்கள். நல்ல காரியம். வண்டல் அடித்த கழனி எப்படி விளையும் என்று எங்கள் தாத்தாவுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாங்களும் லோடு அடித்தவர்கள்தான், மறைக்கவில்லை.

ஆனால் தாத்தா காலத்து ஏரியா இது? முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம் பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கலங்கல் வழியாக வருவது மழைத் தண்ணியா, சாக்கடையா? வாட்டர் சர்வீஸ் கடை எண்ணெய், பழைய பேட்டரி உடைக்கிற இடத்துத் தண்ணி, காயலாங்கடைத் துரு, பெயின்ட் டப்பா, நகராட்சிக் குப்பை எல்லாம் எங்கே போய்ச் சேருது? பள்ளத்துக்குத்தான். பள்ளம் என்றால் ஏரி. 2015 டிசம்பரில் அடையாறு எங்கள் ஊருக்குள் புகுந்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. வெள்ளம் வடிந்ததும் வீட்டுச் சேதம் எழுத ஆள் வந்தார்கள். கழனியில் படிந்த சேற்றில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போக ஒருத்தரும் வரவில்லை.

எங்கள் மண் கெட்டுவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. கெட்டிருக்கிறதா இல்லையா என்று அளந்து சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். இதைக் கேட்பது குற்றமா?

"அதான் மண்வள அட்டை கொடுத்திருக்கோமே" என்கிறார்கள். 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த அட்டை அது. எடுத்துப் படியுங்கள் ஐயா! மொத்தம் 12 விஷயம். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமிலத் தன்மை, உப்பு, அங்ககக் கார்பன். ஈயம் எங்கே? காட்மியம் எங்கே? குரோமியம், பாதரசம், நிக்கல், ஆர்சனிக் எங்கே? துத்தநாகமும் தாமிரமும் இருக்கிறதே என்றால், அதுவும் பயிருக்குப் பற்றாக்குறையா என்று பார்க்கத்தான். "குறைவு, ஜிங்க் சல்பேட் போடு" என்று எழுதத் தெரிந்த அட்டைக்கு "விஷம், சாகுபடி செய்யாதே" என்று எழுத ஒரு கட்டம் கூட இல்லை. எங்களில் சிலர் மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனோம். "கன உலோகம் இங்க பாக்கறதில்லை, தனியார் லேபுக்குப் போங்க" என்றார்கள். அங்கே கேட்ட கட்டணத்தில் ஒரு போக விதை நெல் வாங்கிவிடலாம்!

இலவசம் என்கிற இந்த வண்டலின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 75 கனமீட்டர் என்றால் சுமார் 100 டன். அந்த வண்டலில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு 100 கிராம். 100 டன்னுக்கு 10 கிலோ ஈயம்! நம்ம கையாலேயே நம்ம ஏக்கரில் கொட்டுகிறோம். பூச்சிமருந்தாவது நாள்பட்டால் சிதையும். ஈயம் சிதையாது, மக்காது, ஆவியாகாது. பேரன் உழும்போதும் அங்கேயே இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. மூட்டையில் கட்டி விற்கிற நகரக் குப்பை உரத்துக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வரம்பு இருக்கிறது. கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5, குரோமியம் 50, நிக்கல் 50, ஆர்சனிக் 10, பாதரசம் 0.15. மூட்டைக்குச் சட்டம் இருக்கிறது, லாரிக்கு இல்லையா? அனுமதிச் சீட்டில் எத்தனை கனமீட்டர் என்று எழுதுகிறார்கள். எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய சீட்டை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரொம்ப தூரம் போக வேண்டாம். குரோம்பேட்டை என்ற பேரே குரோம் தோல் கம்பெனியால் வந்த பேர். பல்லாவரம், நாகல்கேணி தோல்ஷாப்புகளை அறியாதவர் இந்த வட்டாரத்தில் உண்டா? (நாகல்கேணித் தண்ணி அடையாற்றில் நமக்குக் கீழேதான் சேருகிறது, மேலேறி வராது. அதை எங்கள் மேல் வந்த கேடாகச் சொல்லவில்லை. பக்கத்து ஊர் பட்ட பாட்டைச் சொல்கிறோம்.) 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வட ஆற்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சியோடு நம்ம அன்றைய செங்கை மாவட்டத்துத் தோல்ஷாப்புகளும் அதில் அடக்கம். தோல்ஷாப்புப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனால் நிலம் போன பிறகுதான் சொன்னது!

ராணிப்பேட்டையைப் பாருங்கள். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1995-ல் மூடியது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குவித்துவிட்டுப் போனார்கள். 25 ஆண்டு கடந்த பிறகும் அந்தக் குவியல் அங்கேயே கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணி. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடியது. அங்கே அளந்தார்கள், ஆனால் எதுவரை சுத்தம் செய்வது என்பதிலேயே சண்டை. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்று வைத்தார்கள். பிரிட்டனில் இருப்பதைவிட 20 மடங்கு தளர்வு என்று எதிர்த்தவர்கள் கத்திக் கத்தித் தொண்டை வற்றினார்கள். அளப்பவன் யார், அளவுகோல் யாருடையது என்பதும் நம்ம பிரச்சினைதான்.

ஜப்பானில் ஜின்சு ஆற்றுத் தண்ணியில் நெல் விளைவித்தவர்கள் எலும்பு நொறுங்கிப் படுத்தார்கள். மேலே சுரங்கம் விட்ட காட்மியம், கழனி வழியாகச் சோற்றுக்குள் வந்திருந்தது. அந்த நோய்க்கு "வலிக்குது வலிக்குது" என்றே பேர். அரசு அதை ஒப்புக்கொண்டது 1968-ல். விளைநிலத்து மண் மாசுக்கென்று தனிச் சட்டம் 1970-ல். கழனிகளுக்கு மேல்மண் மாற்றும் வேலை முடிந்தது 2012-ல். பணக்கார நாட்டுக்கே அத்தனை காலம்!

சரி, அளப்பது என்றால் எப்படி? ஒப்புக்கு வரப்போரம் ஒரு பிடி அள்ளிப் போய் "எல்லாம் நார்மல்" என்று எழுதுவதை ஏற்க மாட்டோம். ஏரியில் வண்டல் எடுக்கிற இடத்தில் பல புள்ளிகளில், மேல் மண் தனி, அடி மண் தனி என்று ஆழம் பிரித்து எடுக்கணும். ஈயம் விழுவது பெரும்பாலும் மேலேயே தங்கும், மேலும் கீழும் கலந்துவிட்டால் கணக்கு நீர்த்துப் போகும். துருப்பிடித்த மண்வெட்டி, ஜிங்க் பூசின வாளி கூடாது, அதிலிருந்தே உலோகம் கலந்துவிடும். மரக் கரண்டி, பிளாஸ்டிக் பக்கெட் போதும். ஆற்றுத் தண்ணியோ சாக்கடையோ எட்டாத மேட்டு மண் ஒன்றையும் எடுத்து ஒப்பிடணும், இயற்கையிலேயே எவ்வளவு இருந்தது என்று அப்போதுதான் தெரியும். குரோமியம் இருந்தால் மொத்தம் எவ்வளவு என்பதோடு நிறுத்தக் கூடாது. ஆறிணைக் குரோமியம் தண்ணியில் கரைந்து ஓடும், புற்றுநோய் தரும், அதைத் தனியாகச் சொல்லணும். மண்ணில் மொத்தம் இருப்பது வேறு, பயிர் உறிஞ்சக் கூடியது வேறு, இரண்டும் வேணும். மண் புளித்தால் காட்மியம் கீரைக்குள் வேகமாக ஏறும். அதனால் கீரையையும் பறித்துச் சோதிக்கணும்.

"ரிசல்ட் வந்து, ஈயம் இருக்குன்னு தெரிஞ்சா உங்க கீரையை யார் வாங்குவா? பிளாட் விலையும் விழும், சும்மா இருங்க" என்று நமக்குள்ளேயே சிலர் முணுமுணுக்கிறார்கள். அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டோம். மார்க்கெட் போனால் அடுத்த வேளைக்கு என்ன வழி? ஆனால் அந்தக் கீரையை முதலில் தின்பது நம்ம வீட்டுப் பிள்ளைதானே! ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கிறது. மண்ணில் குறை வந்தால் அதற்கு நஷ்ட ஈடு கேட்போம். கீரையை நிறுத்திவிட்டுப் பூச்செடியோ, தின்னாத பயிரோ வைக்க உதவித்தொகை கேட்போம். வாயை மூடிக்கொண்டு விற்பது மட்டும் நம்மால் ஆகாது.

2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கான விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. சந்தேகப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தரவேண்டும், வாரியம் 90 நாளில் முதல்கட்டச் சோதனை முடிக்கவேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் அவர்களே, அந்தப் பட்டியலில் எங்கள் ஏரிகளையும் அடையாற்றங்கரைக் கழனிகளையும் சேருங்கள். சோதனை முடிவு வரும்வரை, எங்கள் பக்கத்து ஏரியில் எந்த லாரியிலும் வண்டல் ஏற்றாதீர்கள். முடிவைக் கோப்பில் பூட்டாமல் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்டுங்கள்.

உழவர்களே! அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனுவோடு மட்டும் வராதீர்கள். உங்கள் கழனியில் மேல் மண் அரைக் கிலோ, ஒரு சாண் கீழே அரைக் கிலோ, தனித்தனிப் பையில் போட்டு, சர்வே நம்பரும் எடுத்த தேதியும் எழுதிக் கொண்டு வாருங்கள். பழைய உரச்சாக்கு வேண்டாம், புதுப் பிளாஸ்டிக் பை. எல்லாப் பையையும் ஆட்சியர் மேசை மேல் வைப்போம். பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்காமல் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது.