பசியை வென்ற பாட்டு

சிறுவர்க்கான படம் கற்றோர்க்கு ஏற்றதன்று என எண்ணியிருந்தேன். சத்தியஜித் ராய் 1969இல் வெளியிட்ட 'கூப்பி கைன் பாகா பைன்' என்னும் வங்காளப் படம் அவ்வெண்ணத்தை அறவே மாற்றிவிட்டது.

தம் பாட்டனார் உபேந்திரகிஷோர் எழுதிய கதையையே ராய் படமாக்கினார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட பாடகனும் மத்தளக்காரனும் பேயரசனிடம் மூன்று வரம் பெறுகின்றனர்: வேண்டிய உணவும் உடையும், நினைத்த இடம் சேரும் ஆற்றல், கேட்போரை அசையாது நிறுத்தும் இசை. போருக்கெழுந்த பட்டினிச் சேனையை அவர்கள் பாடி நிறுத்தி, வானினின்று இனிப்புப் பானைகளை இறக்குகின்றனர். வீரர் போரை மறந்து உண்ண ஓடுகின்றனர்!

மழை பொய்த்துக் கேழ்வரகுக் களிக்கும் வழியின்றித் தவித்த ஆண்டுகளைப் பற்றித் தருமபுரி முதியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் யான். அக்காட்சியில் நகைத்த என் கண்கள் உடனே கலங்கின. வயிறு நிறைந்தவன் பிறர்க்காக வாளெடுக்க விரும்பான் என்னும் பேருண்மையைக் குழந்தைக்கும் விளங்க உரைத்தார் ராய். நண்பர்காள், தம்பி தங்கையரோடு அமர்ந்து இதனை ஒருமுறை காண்பீராக.