தனிக்கூண்டே தகும்

திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்தின் நெருக்கமான வீடுகளிலாயினும் வேறெங்காயினும், கன்னப்பைகளில் தீனியைச் சேர்த்துவைக்கும் சிறு கொறித்துண்ணியான சிரிய ஹாம்ஸ்டர் துணையின்றி வாடும் என்றெண்ணி இரண்டை ஒரே கூண்டில் அடைப்பது, அன்பின் பெயரால் இழைக்கப்படும் கொடுமையே ஆகும். 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி கைப்பற்றிய தாயும் குட்டிகளுமே இன்றைய வளர்ப்புச் சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவற்றின் மூதாதையர். இயற்கையில் வளைக்கு ஒன்றாகத் தனித்து வாழும் அவ்வினத்தில், முதிர்ச்சியடைந்தபின் உடன்பிறந்தவையும்கூட எல்லைக்காக ஒன்றையொன்று கடித்துக் குதறுவதும், சில வேளைகளில் கொன்றுவிடுவதும் உண்டு. குள்ள ஹாம்ஸ்டர் இனங்கள் சில, இளமையிலிருந்தே சேர்ந்து வளர்ந்தால் இணங்கியிருக்கக்கூடும். ஆயினும் சண்டை மூண்டால் அவற்றையும் பிரித்தாக வேண்டும். வாங்குவோர் முதலில் இனத்தைக் கேட்டறிந்து, சிரிய இனமாயின் ஒவ்வொன்றுக்கும் தனிக்கூண்டு அமைத்தல் வேண்டும்.