கார் வைத்திருப்பவர் நடந்து வரமாட்டாரா?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மார்கழி பிறந்திருக்கும். சம்பா பொதி கட்டிக் கதிர் வெளிவரும் நேரம். தாழ்வு மண்டலம் என்ற சொல் வானொலியில் கேட்டாலே டெல்டாவில் யாருக்கும் தூக்கம் பிடிக்காது. வடிகாலில் தண்ணீர் தங்காமல் ஓடட்டும், பயிர் சாயாமல் நிற்கட்டும்.

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. அம்மா சொல்லச் சொல்ல மகள் எழுதியிருக்கிறாள். அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. முறித்தது கணவர். ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆள், திருவிழாக் கமிட்டியில் இருப்பவர், குடியும் கிடையாது. அந்த அம்மா காவல் நிலையத்தில் மனு கொடுத்தார். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். கணவர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து, கைகட்டி நின்று, பணிவாகப் பேசினார். அங்கிருந்த ஒருவர் அம்மாவிடம் கேட்டாராம்: “ஏம்மா, இவரப் பார்த்தா அடிக்கிற ஆள் மாதிரியா தெரியுது?” இனிப் பிரச்சினையில்லாமல் சேர்ந்து வாழ்கிறோம் என்று எழுதிய தாளை நீட்டினார்கள். ‘கையெழுத்துப் போடத் தெரியும்னு சொன்னேன். கட்டுப் போட்ட கையால முடியலை. இடது கை ரேகையே போதும்னு வாங்கிக்கிட்டாங்க’ என்று எழுதியிருக்கிறார்.

ஊர் பெயரும் நிலையத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், எழுதவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை. பார்த்தால் அப்படித் தெரிகிறதா? பெண்களும் நீதி அமைப்பும் பற்றிப் பெண்ணியவாதிகள் எழுதியதையெல்லாம் புரட்டினால் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். இன்னார் குற்றம் செய்வார், இன்னார் செய்யமாட்டார் என்ற தீர்மானம் விசாரணைக்கு முன்பே எங்கிருந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது? இதற்குப் பதில் தேட வெளியூர் போக வேண்டியதில்லை. நம் மண்ணிலேயே இருக்கிறது.

1968 டிசம்பர் 25. அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டம், நாகைப் பக்கம் கீழ்வெண்மணி. தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. விளைச்சல் கூடியிருந்தது. அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள் தலித் விவசாயத் தொழிலாளர்கள். கோபாலகிருஷ்ண நாயுடு தலைமையிலிருந்த மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம், தொழிலாளர் சங்கத்தின் செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேரச் சொன்னது. அவர்கள் இறக்கவில்லை. அன்றிரவு ஆட்கள் திரண்டு வந்து தாக்கினார்கள். ஓட முடிந்தவர்கள் வயல்களில் சிதறி ஓடினார்கள். ஓட முடியாதவர்கள் ஒரு குடிசைக்குள் ஒண்டினார்கள். அதற்குத் தீ வைத்தார்கள். 44 பேர் கருகிப் போனார்கள்.

இதைக் கூலிப் போராட்டம் என்றும் சாதிக் கொடுமை என்றும் எழுதுகிறோம். இரண்டும் உண்மை. ஆனால் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஏன் பெண்களும் குழந்தைகளும் என்று கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, நடக்க மாட்டாத மாமியார் ஒரு பக்கம் என்று இருப்பவளால் சேற்று வரப்பில் ஓட முடியாது. பிள்ளையை விட்டுவிட்டு ஓடவும் மாட்டாள். பெண்ணின் மேல் ஏற்றிவைத்த பொறுப்பே அன்றிரவு அவளை அந்தக் குடிசைக்குள் தள்ளியது. அந்த நாட்களிலேயே வெண்மணிக்குப் போய் எழுதியவர் மைதிலி சிவராமன்.

1970இல் கீழ் நீதிமன்றம் நாயுடு உட்பட எட்டுப் பேருக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. மேல்முறையீட்டில், 1973இல், சென்னை உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை இந்தப் பகுதியில் படிக்காதவர்கள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பதே அது. ஆனால் அதே இரவில் மிராசுதார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் கூலிக்காரர்களுக்குத் தண்டனை விழுந்தது. அவர்கள் செய்திருப்பார்கள் என்று நம்புவது யாருக்கும் கடினமாக இருக்கவில்லை.

1980இல் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். அதைக் கொண்டாடிப் பேசுபவர்களோடு என்னால் சேர முடியாது. நீதிமன்றம் தீர்க்க வேண்டியதை அரிவாள் தீர்த்துவிட்டதாக ஓர் ஊர் எண்ணும்படி விட்டுவிட்டோமே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

வெண்மணித் தீர்ப்பு ஒரு காலத்தின் கோளாறு என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் 1995இல் ஜெய்ப்பூரில் என்ன நடந்தது? குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி, அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர், 1992இல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றம்சாட்டப்பட்ட ஆண்களை அந்த வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்த நீதிமன்றம், மேல் சாதிக்காரர்கள் தாழ்ந்த சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்ற ரீதியில் காரணம் சொன்னது. கார் உள்ளவர் நடந்து வரமாட்டார், மேல் சாதிக்காரர் தொடமாட்டார். இரண்டு தீர்ப்புக்கும் நடுவில் இருபத்திரண்டு வருடம் ஓடியிருக்கிறது. பன்வாரி தேவிக்காகப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால்தான் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 1997இல் விசாகா வழிகாட்டுதலும், 2013இல் சட்டமும் வந்தன. அந்தச் சட்டம் கம்பெனிப் பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நடவுக்கும் களையெடுக்கவும் போகும் பெண்ணும், வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணும் மாவட்ட அளவிலுள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவில் முறையிடலாம்.

வயலில் உழைப்பவர்களோடு நின்ற மணலூர் மணியம்மையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. திருவாரூர் பக்கத்து மணலூர்க்காரர். பிராமணக் குடும்பத்து விதவை. கிராப் வெட்டிக்கொண்டு, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, பண்ணையாட்களின் சேரிக்குள் போய் உட்கார்ந்து சங்கம் கட்டியவர். அதற்காகச் சிறைக்கும் போனவர். 1953இல் பூந்தாழங்குடியில் கொம்புள்ள மான் ஒன்று முட்டி இறந்தார். அது தற்செயல் இல்லை என்று அவரோடு நின்றவர்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகம் கீழத்தஞ்சையில் இன்னும் பேச்சில் இருக்கிறது. அவருடைய வாழ்க்கையைத் தேடி ஊர் ஊராக அலைந்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய நாவல் ‘பாதையில் பதிந்த அடிகள்’. நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குற்றவாளி என்று நாம் உடனே நம்பிவிடும் பெண்கள் இருக்கிறார்கள். நாகூர் தாண்டி வாஞ்சூர் போனால் காரைக்கால் எல்லை. அந்தப் பக்கம் சாராயம் மலிவு. எல்லை தாண்டிச் சரக்கு கொண்டுவந்ததாகப் பிடிபடுபவர்களில் பெண்களும் உண்டு. மறுநாள் பேப்பரில் படம் வரும். முன்னால் வரிசையாகப் பாட்டில்கள், பின்னால் முந்தானையால் முகம் மறைத்த ஒரு நடுவயதுப் பெண். சரக்குக்கு முதல் போட்டவர் அந்தப் படத்தில் நின்று நான் பார்த்ததில்லை. சாராயத்துக்குப் புருஷனைக் கொடுத்தவளே சாராயப் பை சுமந்து பிழைக்கும் நிலைமை எப்படி வந்தது என்று குற்றப்பத்திரிகையில் கேட்க இடமில்லை. நான் சாராயம் விற்பதை நியாயப்படுத்தவில்லை. பெண் குற்றத்துக்குள் வரும் வழி பெரும்பாலும் அவள்மேல் நடந்த குற்றங்களைத் தாண்டித்தான் வருகிறது என்று உலகெங்கும் பெண்ணிய ஆய்வாளர்கள் சொல்வது வாஞ்சூர் சோதனைச் சாவடியிலும் உண்மை என்கிறேன்.

கைதானபின் ஜாமீன் வேண்டும். பெண் என்பதற்காக ஜாமீன் தரச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் ஜாமீன் நிற்கச் சொத்துள்ள ஆட்கள் வேண்டும். தன் பெயரில் ஒரு குழி நிலமும் இல்லாதவளுக்கு யார் வந்து நிற்பார்கள்? ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் திருச்சி மகளிர் சிறையில் நாள் கழிகிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் அதுவும் அம்மாவோடு உள்ளே இருக்கலாம் என்பது விதி. இதை நினைக்கும்போதுதான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் செய்ததன் முழு அர்த்தம் எனக்குப் பிடிபடுகிறது. வெண்மணிக்குப் பிறகு கணவரோடு இந்தப் பகுதிக்கு வந்து, 1981இல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கி, மிராசுதார்களிடமிருந்து நிலத்தை வாங்கி நிலமற்ற குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுதவைத்தார். பட்டா கையில் உள்ள பெண்ணிடம் காவல் நிலையத்தில் பேசும் குரலே வேறு. நேரில் பார்த்தவர்கள் அறிவார்கள்.

சரி, தொடக்கத்தில் சொன்ன கடிதத்துக்கு வருகிறேன். பெண்களின் இப்படிப்பட்ட மனுக்களுக்கென்று 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் இன்று தமிழகத்தில் இருநூறைத் தாண்டிவிட்டது. பெண்ணே பெண்ணைக் கேட்டால் மனம் திறந்து சொல்ல முடியும் என்பது நல்ல எண்ணம். அங்கே உண்மையாக உழைக்கும் காவலர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் நாளடைவில் பல நிலையங்கள் சேர்த்துவைக்கும் பஞ்சாயத்தாக மாறிவிட்டன. இதற்குச் சட்டத்திலேயே ஒரு சந்து இருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் வந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, குடும்பத் தகராறு என்றால் முதலில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்றும் சொல்லிவிட்டது. எலும்பு முறிந்த கை அந்தச் சந்து வழியாகத்தான் ‘குடும்பத் தகராறு’ ஆகிறது.

ஆகவே, இப்படி யாராவது உங்களிடம் வந்தால், முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், யார் அடித்தது என்பதை விபத்துப் பதிவேட்டில் எழுதவையுங்கள். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று அங்கே சொன்ன ஒரு வார்த்தை பிறகு வழக்கையே சாய்த்துவிடும். மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள், எப்.ஐ.ஆர். போட்டால் நகலை இலவசமாகத் தர வேண்டும். எந்த ஊரில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்பது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் மனு, அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்ணுக்கு வக்கீல் இலவசம். நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் போதும், 15100க்கு அழைத்தும் கேட்கலாம். அவசரத்துக்கு 181. எல்லாவற்றையும்விட, கூடப் போங்கள். தனியாகப் போகும் பெண்ணிடம் கேட்கும் கேள்வியை, பக்கத்தில் இன்னொருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தால் யாரும் கேட்பதில்லை.

ஜனவரி இதழிலிருந்து இரண்டு பக்கங்களை இதற்கென்று ஒதுக்குகிறோம். உங்கள் கேள்விகளுக்கு நம் பகுதி நீதிமன்றங்களில் வாதாடும் பெண் வழக்கறிஞர்கள் பதில் எழுத இசைந்திருக்கிறார்கள். போஸ்ட் கார்டில் எழுத வேண்டாம், வழியில் யாரும் படித்துவிடலாம். உறையில் போட்டு ஒட்டி அனுப்புங்கள். பெயர் வெளியே வரக்கூடாது என்றால் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள், ஊரையும் சேர்த்து மாற்றிவிடுவோம். வீட்டு முகவரிக்குப் பதில் வந்தால் சிக்கல் என்றால் தோழி வீட்டு முகவரியோ பள்ளி முகவரியோ கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்