ஏரியும் மாந்தோப்பும்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில், சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையே பங்காருபாளையம் அமைந்துள்ளது. பேருந்தில் செல்வோர் கண்ணில் படுபவை மாந்தோப்புகளே. இவ்வூர்ப் பக்கத்தின் மரபுச் செல்வம் எது என்று வினவினால், மொகிலியிலுள்ள சிவன் கோயிலைச் சொல்வர். (தெலுங்கில் 'மொகலி' என்பது தாழையைக் குறிக்கும்.) அக்கோயிலுக்கு நிகராக ஏரிகளையும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

மாணவர்களே, இங்கு வற்றாத ஆறு இல்லை. குன்றுகளில் பெய்யும் மழை விரைவில் ஓடி வடிந்துவிடும். அதை மண்கரை கட்டித் தேக்கினர் முன்னோர். வயலுக்கு வேண்டிய நீர் தூம்பு வழியே பாயும். மிகுநீர் கலிங்கு வழிந்து கீழுள்ள ஏரியைச் சேரும். நாம் தூம்பு என்பதைத் தெலுங்கர் 'தூமு' என்பர். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததே.

ஆழ்துளைக் கிணறு இருக்க ஏரி எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். ஏரியில் தேங்கிய நீர் மண்ணுள் இறங்கினால் அன்றோ கிணறு ஊறும்? அவரவர்க்குத் தனிக் கிணறு வந்தபின், வரத்துக் கால்வாயைத் தூர்வார ஊர் கூடுவது அரிதாயிற்று. தூர்ந்த கால்வாய் முதலில் வயலாகும், பின்பு வீட்டுமனையாகும்.

மா விளைகிறதே, அது போதாதா? இங்கு மிகுதியாக விளைவது தோதாபுரி. நம் ஊர்களில் கிளிமூக்கு என்போம். அதில் பெரும்பகுதி பழக்கூழ் ஆலைகளுக்கே செல்கிறது. 2025இல் விலை வீழ்ந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தரும் என்று ஆந்திர அரசு அறிவிக்க நேர்ந்தது. ஒரே பயிரை நம்பியவர் கையில் விலை இராது. ஏரி நிறைந்த ஆண்டிலோ நெல்லும் கேழ்வரகும் வீட்டுக்கு வரும். ஆலை வாங்காவிடினும் அடுப்பு எரியும்.

இம்மாவட்டத்தில் 1990இல் அறிவிக்கப்பட்ட கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் உள்ளது. கோடையில் யானைகள் தோப்புகளுக்கு வருவது பழத்திற்காக மட்டுமன்று, நீருக்காகவும்தான். காட்டோரக் குட்டைகளைக் காப்பது உழவரையும் காப்பதாகும்.

கரையை மட்டும் உயர்த்திப் பயனில்லை. வரத்துக் கால்வாய்களை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றித் திறப்பதே முதற்பணியாக வேண்டும். விடுமுறையில் சொந்த ஊர் செல்லும்போது தாத்தா பாட்டியிடம் கேட்டு வாருங்கள்: நம் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழியாக வந்தது? அவ்வழியில் இன்று என்ன இருக்கிறது?