அலமாரியில் இருந்த அந்தக் கல்



நம் பள்ளி அறிவியல் அலமாரியில் வெள்ளையாக, கிளை கிளையாக ஒரு பவளப்பாறைத் துண்டு இருந்ததே, நினைவிருக்கிறதா? 1989 சுற்றுலாவில் ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் நான் வாங்கியது. "கடலுக்குள் கிடைக்கும் ஒரு வகைக் கல்" என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அது தப்பு. இன்று திருத்திக்கொள்கிறேன்.

போன மாதம் பேரனோடு ராமேஸ்வரம் பக்கம் போயிருந்தேன். பாக் நீரிணையில் லைஃப் ஜாக்கெட், கண்ணாடி, மூச்சுக்குழாய் எல்லாம் மாட்டி 'ஸ்நார்க்கெலிங்' இறக்கிவிட்டார்கள். கண்மாயில் மட்டுமே நீந்திப் பழகியவன் நான். தலையைக் கவிழ்த்த கொஞ்ச நேரத்தில் பயம் போய்விட்டது. கிளிமீன் ஒன்று பாறையைக் கடிக்கிற 'கறுக் கறுக்' சத்தம்கூடக் காதில் விழுந்தது.

அப்போது பக்கத்தில் ஒருவர் போட்டோவுக்காகப் பவளத்தின் மேல் ஏறி நின்றார். ஒரு கிளை ஒடிந்தது. வாயில் குழாய் இருந்ததால் சத்தம் போடக்கூட முடியவில்லை. கரைக்கு வந்ததும் பேரன் கேட்டான்: "கல்லுதானே தாத்தா, உடைஞ்சா என்ன?" அது நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

அது கல் அல்ல. ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் சுண்ணாம்பால் கட்டிய வீடு. பல வகைகள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளர்வதில்லை. நம் சிவகாசியில் முன்பு பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம் என்று மருந்தில் வண்ணம் கொண்டுவந்தார்கள். பவளத்துக்குப் பெரும்பாலும் அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளால்தான் வண்ணம். கடல் சூடேறினால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 என்று திரும்பத் திரும்ப இது நடந்தது. ஆக, நம் அலமாரியில் வெள்ளையாக இருந்தது செத்துப்போன உயிர்களின் எலும்புக்கூடு.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. அதற்குப் பிறகும் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போயின. 2001 முதல் பவளம் வனஉயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

என் கருத்து இதுதான். கடலுக்குள் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பார்த்தால்தான் பாசம் வரும். ஆனால் தண்ணீரில் இறக்கும் முன் பத்து நிமிஷம் பாடம் நடத்த வேண்டும்: நிற்காதே, தொடாதே, எடுக்காதே. லைஃப் ஜாக்கெட் போல இதையும் கட்டாயமாக்க வேண்டும். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, ராமேஸ்வரம் சுற்றுலா போனால் கோயிலையும் பாம்பன் பாலத்தையும் காட்டுவதோடு இதையும் சொல்லிக்கொடுங்கள்.

நான் சொன்ன தப்பான பாடம் உங்களோடு நிற்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்குப் போக வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் சார்.